அம்மாவின் காணிக்கு அமெரிக்க ட்ரஸ்ட் சரிவருமா?

வட்டக்கச்சித் தையல்காரி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிக் கேட்டால் எல்லாரும் "ஒரு லோயரைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். லோயரிடம் போனால் என்ன கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. நானும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரோடுதான் வட்டக்கச்சியில் இருக்கிறோம். காணி இரண்டு துண்டு. ஒன்று வீடு நிற்கிற அரை ஏக்கர், அம்மாவுக்குச் சீதனமாக வந்த உறுதிக்காணி. இந்தியன் வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் தந்தார்கள். அது போதாமல் என் தையல் காசும் அண்ணா அனுப்பியதும் போட்டுத்தான் கூரை ஏறியது. மற்றது முரசுமோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது), அப்பாவின் பெயரில் உள்ளது. அப்பா 2001 இல் காலமாகிவிட்டார். அன்று தொட்டு, இடம்பெயர்ந்திருந்த காலம் தவிர, பெரும்போகம் தவறாமல் செய்கிறோம். சிறுபோகம் எங்கள் பங்குக்குத் தண்ணீர் விடுகிற வருடம் மட்டும்.

2009 இல் அம்மா உறுதியைப் பொலித்தீனில் சுற்றித் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். மெனிக் பாம் முகாமில் அந்தத் தலையணையில்தான் படுத்தார். பெர்மிட் தப்பவில்லை. அது இருந்த றங்குப்பெட்டியை விசுவமடுவில் விட்டுவிட்டு ஓடினோம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணா கலிபோர்னியாவில், இப்போது அமெரிக்கப் பிரஜை. நான் நடுவில். தம்பி 2009 மார்ச்சில் மாத்தளனில் காணாமற்போனவன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போனோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா அங்கே போய் இருந்தவர். இப்போது முழங்கால் விடுவதில்லை. மரணச் சான்றிதழ் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணா போன மாதம் தன் வீட்டுக்கு 'ரிவோக்கபிள் லிவிங் ட்ரஸ்ட்' என்று ஒன்று எழுதினாராம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை அதற்குள் போடுவதாம், தானே பொறுப்பாளராம், நினைத்தபோது மாற்றலாமாம், கலைக்கலாமாம். அம்மாவும் அப்படிச் செய்யட்டும் என்று ஒரு வீடியோ அனுப்பினார். அம்மா முழுக்கப் பார்த்தார். ஒரு வசனம் மட்டும் பிடித்துக்கொண்டார்: "மாத்தலாமாம்."

அந்தச் சொல் ஏன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நொத்தாரிசிடம் போனோம். வீட்டுக் காணியை எனக்கு நன்கொடை உறுதி எழுதி, அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைப்பது என்று எல்லாம் பேசியாயிற்று. கடைசியில் அம்மா கேட்டார், "தம்பி வந்தால் அவனுக்கும் பாதி எண்டு மாத்தி எழுதலாமோ?" அவர் சிரித்தபடி, "எழுதினால் எழுதினதுதான் அம்மா" என்றார். கெட்ட மனுசன் இல்லை, யோசிக்காமல் சிரித்துவிட்டார். அம்மா உறுதியை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆகவே கேள்வி இதுதான். மாற்றக்கூடிய அந்த ட்ரஸ்ட் கிளிநொச்சியில் எழுத முடியுமா? வயலையும் அதற்குள் போடலாமா?

மல்லாவியான் (இப்போது சன் ஹோசே):

தங்கச்சி, உங்கள் அண்ணா இருக்கிற மாநிலத்தில்தான் நானும் இருக்கிறேன், நானும் அதே ட்ரஸ்ட் எழுதியவன். அவர் செய்தது சரி. ஆனால் அது ஏன் அங்கே சரி என்று விளங்கினால், ஏன் வட்டக்கச்சிக்குப் பொருந்தாது என்பதும் விளங்கும்.

இங்கே ஒருவர் வீட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு இறந்தால், அது பொதுவாக 'புரோபேட்' என்கிற நீதிமன்ற வழிக்குப் போகும். கலிபோர்னியாவில் அதற்குரிய லோயர் கூலியைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் ஒரு லட்சம் டொலருக்கு 4 வீதம், அடுத்த லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 2 வீதம். 8 லட்சம் டொலர் வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள், 19,000 டொலர். சொத்தை நிர்வகிப்பவரும் அதே அளவு கேட்கலாம். இதில் பகிடி என்னவென்றால் வீட்டில் கடன் இருந்தாலும் கழிக்கமாட்டார்கள், முழுப் பெறுமதிக்குத்தான் வீதம். இந்தச் செலவிலிருந்தும் மாதக்கணக்கான இழுபறியிலிருந்தும் தப்பத்தான் சனம் ட்ரஸ்ட் எழுதுகிறது.

இரண்டு விஷயம் அண்ணாவிடம் சொல்லுங்கள். ஒன்று, ட்ரஸ்ட் எழுதினால் மட்டும் போதாது, வீட்டு உறுதியை ட்ரஸ்டின் பெயருக்கு மாற்றிப் பதிய வேண்டும். என் நண்பர் ஒருவர் அழகான தோல் அட்டை போட்ட கோப்பு வைத்திருந்தார். வீடு மட்டும் கடைசிவரை அவர் பெயரிலேயே இருந்தது. மனைவி புரோபேட்டுக்குத்தான் போனா. இரண்டு, மாற்றக்கூடிய ட்ரஸ்ட் வரியையும் குறைக்காது, கடன்காரரிடமிருந்தும் காப்பாற்றாது. கலைக்கிற அதிகாரம் கையில் இருக்கும்வரை அது உன் சொத்துத்தான் என்று சட்டம் பார்க்கும்.

இலங்கைக் காணிக்கு இலங்கைச் சட்டம். அண்ணா தன் ட்ரஸ்டில் "வட்டக்கச்சி வீடு" என்று ஒரு வரி சேர்த்தால் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. அது அவருடைய காணியே இல்லையே.

ஓய்வுபெற்ற காணிக் கிளாக்கர்:

மகள், முப்பது வருடம் ஏ.ஜி.ஏ. கந்தோர்களில் (இப்போதைய பிரதேச செயலகம்) காணிப்பிரிவில் இருந்தவன் நான். நொத்தாரிசு இல்லை. லெட்ஜர் புரட்டியவன் சொல்கிறதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு காணியும் இரண்டு உலகம். ஒன்றாகப் போட்டு யோசித்தால் தலை சுற்றும்.

முதலில் வயல். பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு காணிப்பிரிவில் வேலை செய்த எல்லாருக்கும் பாடம். வேறு எந்த வாரிசுச் சட்டமும் இந்தக் காணிக்குள் நுழையாது. தேசவழமை என்கிற நம் யாழ்ப்பாணத்துச் சட்டம், அதிலுள்ள முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அரசாங்கக் காணி, உங்களுக்குத் தந்திருப்பது அனுமதி. ஆகவே அதை ட்ரஸ்டில் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் அம்மா கேட்கிற "மாத்தலாம்" என்பது அந்தப் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணியை எடுக்க ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கலாம். மனம் மாறினால் ரத்துச் செய்து வேறொருவரை நியமிக்கலாம். எத்தனை தரமும் செய்யலாம். இரண்டு நிபந்தனை: சட்டத்தில் சொன்ன உறவுக்காரருக்குள் இருக்க வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். வீட்டில் அலுமாரிக்குள் வைத்த நியமனக் கடிதம் செத்த பிறகு வெறும் கடதாசி. அப்படிக் கடதாசியோடு வந்து கந்தோர் வாங்கில் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிக்கல். உங்கள் வயலின் பெர்மிட்காரர் அம்மா இல்லை, அப்பா. அப்பா இறந்ததும் அம்மாவுக்கு மனைவி என்ற முறையில் சீவிய காலத்துக்கு அந்தக் காணி வரும். அப்படி வந்த மனைவிக்கு விற்கவும் முடியாது, பின்னுரித்தாளர் நியமிக்கவும் முடியாது. அம்மாவுக்குப் பிறகு யார் என்பதை அப்பா உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்திருப்பார், அல்லது செய்யாமல் போயிருப்பார். அதை லெட்ஜரில்தான் பார்க்க வேண்டும். பெர்மிட் றங்குப்பெட்டியோடு போனால் பரவாயில்லை, விதானையாரிடம் (கிராம சேவகர்) கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஒரு சத்தியக் கடதாசி கொண்டு போங்கள். பொதுமக்கள் நாளில் காலை எட்டரைக்குப் போங்கள், பத்து மணிக்குப் போனால் டோக்கன் முடிந்துவிடும்.

வீட்டுக் காணிக்கு வருகிறேன். இது அம்மாவின் சொந்தம், அவர் விதவை, யாருடைய சம்மதமும் தேவையில்லை. மூன்று வழி உண்டு.

நன்கொடை உறுதி என்றால் மீட்க முடியாதது என்று அந்த நொத்தாரிசு சொன்னது பொதுவாகச் சரி. மீட்க முடியாத நன்கொடையைப் பிள்ளையின் படுமோசமான நன்றிகெட்டதனத்துக்காக ரத்துச் செய்வதென்றால் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால் எழுதும்போதே "மீட்கும் உரிமையை எனக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வாசகம் சேர்க்கலாம். அதை ஏனோ பலர் சொல்லிக்கொடுப்பதில்லை. குறை என்னவென்றால் நன்கொடையை வாங்குகிறவர் ஏற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும். தம்பி எப்படி வைப்பார்?

ட்ரஸ்ட், அதாவது நம்பிக்கைப் பொறுப்பு, இலங்கையிலும் உண்டு. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணி என்றால் நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். மீட்கும் அதிகாரத்தையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அண்ணா சொல்கிறது இங்கே சட்டத்துக்கு விரோதம் இல்லை. ஆனால் நம் ஊரில் நம்பிக்கைப் பொறுப்பு என்றால் பிள்ளையார் கோயில் காணியும் தர்மகர்த்தாவும்தான். குடும்ப வீட்டுக்கு ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு போனால் வங்கியும் விளக்கம் கேட்கும், கந்தோரும் விளக்கம் கேட்கும். உங்கள் காலம் விளக்கம் சொல்லியே போகும்.

மூன்றாவது மரணசாதனம், அதாவது உயில். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி. உயிர் இருக்கும்வரை எத்தனை தரமும் கிழித்து எழுதலாம். அதற்குள்ளேயே "மகள் என் மகனுக்காக இந்தப் பாதியைப் பொறுப்பாக வைத்திருக்க வேண்டும்" என்று எழுதலாம். அதாவது அண்ணாவின் ட்ரஸ்ட், ஆனால் அம்மாவுக்குப் பிறகு தொடங்குகிறது. பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு உண்டு, உண்மைதான். ஆனால் சன் ஹோசேக்காரர் சொன்ன அந்த 19,000 டொலர்ப் பயம் வட்டக்கச்சி அரை ஏக்கருக்கு இல்லை. நான் என்றால் இதைத்தான் செய்வேன்.

புதுக்குடியிருப்பான்:

கிளாக்கர் ஐயா எழுதியது எல்லாம் சரி. நான் மட்டும் எதிர்க்கட்சி. பார்க்கிற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். என் பெரியப்பா "பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம்" என்றே போய்ச் சேர்ந்தார். இப்போது ஒரு தென்னந்தோட்டத்துக்கு ஏழு உரித்தாளர், நாலு நாடு. ஒருவர் அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) அனுப்புவார், மற்றவர் கோபித்துக்கொண்டு அனுப்பமாட்டார். அனுப்பிய ஒருவர் போன வருடம் இறந்தார், அவருடைய தத்துவமும் அவரோடு போயிற்று. தேங்காய் விழுந்து முளைக்கிறது. மாற்றலாம் மாற்றலாம் என்று வைத்திருந்தால் கடைசியில் ஒன்றும் எழுதாமலே போகும், அதைத்தான் சொல்கிறேன். அக்கா, கோபிக்க வேண்டாம்.

வட்டக்கச்சித் தையல்காரி:

கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் பெரியப்பா கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தேங்காயைப் பொறுக்கவும் ஆளில்லையோ" என்று கேட்டார், அவ்வளவுதான்.

கிளாக்கர் ஐயா, நீங்கள் சொன்னபடி போனேன். எட்டே காலுக்கே போய்விட்டேன், டோக்கன் 6. விதானையார் கடிதம் இருந்தபடியால் அலையவிடவில்லை. அங்கிருந்த பிள்ளை பழைய லெட்ஜரை எடுத்துத் தூசு தட்டிப் பார்த்தது. ஓரம் கறையான் தின்ற பக்கம், ஆனால் எழுத்து நல்ல தெளிவு.

அப்பா நியமித்திருக்கிறார். 1993 இல். தம்பியின் பெயர்.

எனக்கு அங்கேயே கை நடுங்கியது. அப்போது தம்பிக்கு எட்டு வயது. அண்ணா பத்தொன்பது வயதில் வெளிநாட்டுக்குப் போக நின்றார், நான் கலியாணம் கட்டிப் போகிற பொம்பிளைப்பிள்ளை, வயல் கடைக்குட்டிக்கு என்று அப்பா கணக்குப் போட்டிருப்பார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்துநாலு வருடமாக அந்த வயலுக்கு உரம் போடுவதும் வரம்பு கட்டுவிப்பதும் நான். எரிச்சல் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போது பரந்தன் சந்திவரை அப்பாவோடு மனதுக்குள் சண்டை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "கொப்பர் அப்பவே எழுதிப்போட்டார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு இரவு புட்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். அந்த நியமனத்தில் யாரும் கை வைக்கக் கூடாதாம். வைக்கவும் முடியாது என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன், இன்னும் சந்தோஷம்.

ஆனால் ஐயா, அம்மாவுக்குப் பிறகு வயலுக்கு என்ன நடக்கும்?

ஓய்வுபெற்ற காணிக் கிளாக்கர்:

மகள், நேராகவே சொல்கிறேன். அம்மாவின் காலத்துக்குப் பிறகு பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியில் உள்ளிட வேண்டும். வராவிட்டால் அந்த நியமனம் பலிக்காது. பிறகு அந்த 1935 சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி பிள்ளைகளுக்கு வரும். முன்பு அதில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் இருந்தது, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆணோ பெண்ணோ மூத்தவர் முதல். உங்கள் வீட்டில் மூத்தவர் அண்ணா. அவர் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் அடுத்தது நீங்கள். அண்ணா நல்லவர் என்று தெரிகிறது, இதை இப்போதே அவரோடு கதைத்து வையுங்கள். வீடியோ அனுப்புகிற நேரத்தில் அந்தக் கடிதத்தைப் பற்றி யோசிக்கட்டும்.

வீட்டுக் காணியில் அண்ணாவுக்கும் பங்கு எழுத அம்மா நினைத்தால் நொத்தாரிசிடம் ஒன்று கேளுங்கள். வெளிநாட்டுப் பிரஜை காணி பெறுவதைக் கட்டுப்படுத்துகிற 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்று, விருப்பம் இருந்தால் மட்டும். தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று ஒன்று இருக்கிறது. இறந்துவிட்டார் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை.

வட்டக்கச்சித் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிட்டுப் போகிறேன், என்னைப் போல யாராவது தேடி வந்தால் உதவும்.

அண்ணாவோடு கதைத்தேன். முதலில் "வயல் தம்பிக்கா?" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நேரம் வரும்போது கடிதம் தருவேன் என்றார். வீட்டிலும் தனக்குப் பங்கு வேண்டாமாம். ட்ரஸ்ட் கதையை விட்டுவிட்டார். தன் வீட்டு உறுதி ட்ரஸ்டின் பெயருக்கு மாறியதா என்று பார்க்க ஓடினார் என்று நினைக்கிறேன். மல்லாவியான் அண்ணாவுக்கு அதற்காகத் தனி நன்றி.

வேறொரு நொத்தாரிசிடம் போனோம், பெண். அம்மா உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதே கேள்வி. "மாத்தலாம் அம்மா, நீங்கள் இருக்கும்வரை எத்தனை தரமும் வாங்கோ" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் காசு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் உறுதியை எடுத்து மேசையில் வைத்தார்.

மரணசாதனம்தான். வீடு பாதி எனக்கு. மற்றப் பாதியைத் தம்பிக்காக நான் பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். விற்கவும் கூடாது, ஈடு வைக்கவும் கூடாது. எத்தனை வருடம் என்று நொத்தாரிசு கேட்டார், முடிவே இல்லாமல் எழுத முடியாதாம். நான் மனதில் ஐந்து, பத்து என்று நினைத்தேன். அம்மா நிறைய நேரம் யோசித்தார். என் சின்னவளுக்கு இப்போது பதினொரு வயது. "அவளுக்கு முப்பது வயசாகட்டும்" என்றார். அதுவரை அவன் வந்தால் அவனுக்கு, இல்லாவிட்டால் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும். புதுக்குடியிருப்பான் தம்பி, உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். எனக்கும் பத்தொன்பது வருடம் நீளமாகத்தான் பட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தம்பியின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும் என்றார்கள். நான் கைப்பைக்குள் போட்டோக்கொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பார்க்காமலே இலக்கத்தைச் சொன்னார், கடைசி எழுத்து வரைக்கும். இத்தனை வருடமாக ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் படிவத்துக்கும் எழுதிக்கொடுத்த இலக்கம். நொத்தாரிசு சரிபார்த்தார், ஒன்றும் பிழையில்லை.

வியாழக்கிழமை கையெழுத்து. நான் சாட்சியாக நிற்க வேண்டாம் என்றபடியால் பக்கத்து வீட்டு மாமியும் வாசிகசாலைத் தலைவரும் வருகிறார்கள். பெர்மிட்டின் பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அது வந்தால் லமினேட் பண்ணக் கூடாது என்று கந்தோரில் சொன்னார்கள். அம்மா அதற்கும் ஒரு தலையணை உறை தைக்கச் சொல்லியிருக்கிறார்.